குலா கேட்ட ஜைத்தூன் பீவி

பேகம்பூர்ப் பக்கம் தோல்ஷாப் சந்துக்குள் நுழைந்து ஜைத்தூன் பீவி வீடு எது என்று விசாரித்தால், "எந்த ஜைத்தூன்? கேள்வி கேக்குற ஜைத்தூனா?" என்று திருப்பிக் கேட்பார்கள். சந்தில் வேறு ஜைத்தூன் கிடையாது. இருந்தாலும் அப்படிச் சேர்த்துச் சொல்வதில் அவர்களுக்கு ஓர் அலாதி சந்தோஷம்.

சின்ன வயதிலேயே அவள் அப்படித்தான். பள்ளிவாசலில் தொழப் போகிறவர்கள் கைகால் கழுவும் தொட்டியில் மீன் விட்டிருப்பார்கள். நாம் எச்சில் துப்பினால் தண்ணீர் கெட்டுப்போகும் என்கிறார்களே, மீன் அதிலேயேதானே எல்லாம் செய்கிறது, அது மட்டும் பரவாயில்லையா என்று அத்தாவிடம் கேட்டாள். பெருநாள் பிறை வத்தலக்குண்டில் தெரிந்தால் திண்டுக்கல்லில் ஏன் தெரியவில்லை என்றும் கேட்டாள். அத்தா தோல் பதனிடும் ஷாப்பில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வருகிற மனுஷர். பிறையைப் பற்றியும் மீனைப் பற்றியும் யோசிக்க அவருக்குத் தெம்பு இருக்காது. "போய் அம்மாகிட்ட கேளு" என்பார். அம்மா, "போய் ஓது" என்பாள்.

ஓதுவதில் ஜைத்தூன் கெட்டிக்காரி. எட்டாம் வகுப்பு படிக்கும்போது வயதுக்கு வந்துவிட்டாள் என்று பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். அண்ணன் அப்துல் ஜப்பார் பத்தாம் வகுப்பில் இரண்டு முறை தவறிய பிறகும் மூன்றாம் முறை பணம் கட்டி எழுத வைத்தார்களே, அது ஏன் என்று இவள் கேட்டாள். அந்தக் கேள்விக்கு மட்டும் வீட்டில் யாரும் யாரிடமும் போய்க் கேட்கச் சொல்லவில்லை. முதுகில் ஓர் அறை விழுந்தது, அவ்வளவுதான்.

கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை சிக்கந்தர், வத்தலக்குண்டு. கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கும் பேரிக்காயும் பிளம்ஸும் வாங்கி விற்கும் மண்டி வைத்திருந்தான். அத்தாவின் தங்கை மதாரம்மாள் குப்பிக்கு மாப்பிள்ளை வீடு தூரத்துச் சொந்தம். குப்பி கொண்டுவந்த சம்பந்தம் என்பதால் அதில் யாரும் வாய் திறக்க முடியாது.

நிக்காஹ் அன்று மாப்பிள்ளை பள்ளிவாசலில் இருப்பான், பெண் வீட்டில் இருப்பாள். பெண்ணுடைய சம்மதத்தைக் கேட்டுவர மூன்று ஆண்கள் வருவார்கள். அறை வாசலில் ஒரு திரை தொங்கும். திரைக்கு அந்தப் பக்கம் நின்று, இன்னார் மகன் இன்னாருக்கு இவ்வளவு மஹருக்கு உன்னை நிக்காஹ் செய்துவைக்கச் சம்மதமா என்று கேட்பார்கள். மஹர் என்றால் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய தொகை. மார்க்கப்படி அந்தக் கேள்வி பெண்ணிடம்தான் கேட்கப்படுகிறது. அறைக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் அத்தனை பெண்களும் அதைத் தங்களிடம் கேட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

ஜைத்தூனுக்கு அன்று ஒரு சின்ன விஷயம் தெரிய வேண்டியிருந்தது. மாப்பிள்ளை எதுவரை படித்திருக்கிறார் என்று. கேட்க வாயைத் திறந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதாரம்மாள் குப்பி தொடையில் ஒரு கிள்ளு கிள்ளியதில் கேள்விக்குப் பதிலாக அழுகைதான் வந்தது. குப்பி உடனே திரையைப் பார்த்து, "புள்ள அழுவுது, சம்மதந்தான்" என்றாள். வந்தவர்கள் திருப்தியாகத் திரும்பிப் போனார்கள். பெண் பேசாவிட்டாலும் சம்மதம், அழுதாலும் சம்மதம். அப்படியானால் சம்மதம் இல்லாதவள் என்னதான் செய்ய வேண்டும் என்று ஜைத்தூன் அப்புறம் எத்தனையோ நாள் யோசித்திருக்கிறாள்.

வத்தலக்குண்டில் நாலு வருஷம் இருந்தாள். பெரிய வீடு, பெரிய குடும்பம். மாமியார் இருக்கும் கூடத்தில் மருமகள் புருஷனோடு பேசக்கூடாது. மாமியார் எப்போதும் கூடத்தில்தான் இருப்பார். சிக்கந்தர் வந்தால் இவள் சோறு வைப்பாள், அவன் சாப்பிடுவான், மண்டிக்குப் போவான். பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பான். குழந்தை இல்லை. கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. அடித்ததில்லை, குடித்ததில்லை. பெரியகுளத்தில் இரண்டாவதாக ஒரு பெண்ணைப் பார்த்து முடித்துவிட்டு, "நாலு நாள் அம்மா வீட்டுல இருந்துட்டு வா" என்று ஜைத்தூனைத் திண்டுக்கல் பஸ்ஸில் ஏற்றிவிட்டான். நாலு நாள் எட்டு வருஷமாகிவிட்டது.

தலாக் சொல்லவும் இல்லை, வந்து கூட்டிப் போகவும் இல்லை. அத்தாவும் அம்மாவும் அடுத்தடுத்து மௌத்தாகிப் போனார்கள். வீட்டுப் பொறுப்பு அண்ணன் ஜப்பாரிடம் வந்தது. அவனும் தோல்ஷாப்பில்தான் மேஸ்திரி. தங்கை திரும்பி வந்த அடுத்த வருஷம் அவன் கல்யாணம் பண்ணிக்கொண்ட ஹபீபா, பழனிப் பக்கத்துப் பெண். கனத்த தொண்டை. சமையல்கட்டிலிருந்து பேசினால் சந்து முனையில் கேட்கும். நாத்தனாரைப் பாரமாக நினைக்காத மதினி கிடைப்பது அபூர்வம். ஜைத்தூனுக்கு வாய்த்த ஒரே அதிர்ஷ்டம் அவள்தான் என்று நான் சொல்வேன்.

காலையில் சந்துப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பது ஜைத்தூனின் வேலை. அரபு எழுத்துக்களைக் கூட்டி, நீட்டி, நிறுத்தி ஓதச் சொல்லிக்கொடுப்பாள். அர்த்தம் அவளுக்கும் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு வாக்கில் ஊரே அமளிப்பட்டது. வடக்கே ஏதோ ஓர் ஊரில், புருஷன் தலாக் சொல்லி அனுப்பிய ஒரு வயதான அம்மாளுக்கு அவன் ஜீவனாம்சம் கொடுக்க வேண்டுமென்று கோர்ட்டில் தீர்ப்பாகிவிட்டது. மார்க்கச் சட்டமான ஷரீஅத்தில் கோர்ட் கை வைக்கக் கூடாது என்று ஆண்கள் ஊர்வலம் போனார்கள். ஜப்பாரும் ஷாப்புக்கு லீவு போட்டுவிட்டுப் போய்த் தொண்டை கட்டித் திரும்பி வந்தான்.

"என்னண்ணே விசயம்?" என்று ஜைத்தூன் கேட்டாள்.

"அது ஷரீஅத்து விசயம். பொம்பளைகளுக்கு என்னாத்துக்கு?"

"பொம்பளைக்கு என்ன குடுக்கணும், என்ன குடுக்கக் கூடாதுன்னுதானே இம்புட்டுப் பேரு தெருவுல போறீங்க?"

ஜப்பார் தொண்டையைக் காட்டி, பேச முடியவில்லை என்று சாடை செய்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டான். தண்ணீர் கேட்க மட்டும் தொண்டை ஒத்துழைத்தது.

அன்று சாயங்கால மஃரிப் தொழுகைக்குப் பிறகு மைதானத்தில் பொதுக்கூட்டம். பெண்கள் போக முடியாது. மைக் செட்டுக்காரன் சந்து முனைக் கம்பத்தில் ஓர் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டியிருந்ததால் சட்டி கழுவிக்கொண்டே கேட்கலாம். மதுரையிலிருந்து வந்த ஒரு பேச்சாளர் ஆவேசமாகப் பேசினார். எங்கள் பெண்களுக்கு நாங்கள் என்ன குறை வைத்தோம் என்றார். பிடிக்காத புருஷனிடமிருந்து விடுதலை கேட்டு வாங்கும் உரிமையை இஸ்லாம் ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்பே பெண்ணுக்குக் கொடுத்துவிட்டது, அதற்குக் குலா என்று பெயர், உலகத்தில் யார் கொடுத்தார்கள் இப்படி ஓர் உரிமையை என்று முழங்கினார். மைதானம் அதிர்ந்தது. பாவம், அந்தப் பேச்சை எந்தப் பெண்ணாவது நிஜமென்று எடுத்துக்கொள்வாள் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

ஜைத்தூன் கையில் பிடித்த சட்டியோடு அப்படியே நின்றாள். குலா. அந்தச் சொல்லை அவள் அதுவரை கேட்டதே இல்லை. மறுநாள் காலை, தமிழில் அர்த்தம் போட்ட குர்ஆன் ஒன்றை மதரஸா டீச்சரம்மாவிடம் இரவல் வாங்கி வந்தாள். ஓதிக்கொடுப்பதையெல்லாம் நிறுத்திவிட்டுத் தேடினாள். கிடைத்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஒத்துவாழ முடியாதென்று அஞ்சினால், அவள் ஏதேனும் கொடுத்து விடுவித்துக்கொள்வதில் இருவர் மேலும் குற்றமில்லை. எந்த இடத்தில் என்று அரபைப் பார்த்தாள். அவளிடம் ஓத வரும் பக்கீர் மகள் நேற்று ஓதிய இடம். மூச்சு விடாமல் நீட்டி ஓதணும் என்று அந்தப் பிள்ளையைத் திரும்பத் திரும்ப ஓத வைத்த அதே இடம். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

சின்னாளபட்டியிலிருந்து சுங்குடிச் சேலை மூட்டையோடு வீடு வீடாக வரும் சிவனம்மாளிடம் அன்று அவள் இதைப் பேசினாள். சிவனம்மாளும் முதல் புருஷனைத் தீர்த்துவிட்டு வந்தவள்தான்.

"எங்க சனத்துல இம்புட்டு ரோதனை இல்ல தாயி" என்றாள் சிவனம்மாள். "பஞ்சாயத்துல பத்துப் பேரு முன்னால ஒரு துரும்பக் கிள்ளிப் போட்டா தீந்துச்சு."

"துரும்ப யாரு கிள்ளுவா? நீயா, அவனா?"

சிவனம்மாள் மடித்துக்கொண்டிருந்த சேலையை அப்படியே வைத்துக்கொண்டு செத்த நேரம் யோசித்தாள். "அவந்தான்" என்றாள். பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் ஹபீபா என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள்.

பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத் வீடு அடுத்த தெருவில். ஏதாவது சந்தேகம் கேட்க வேண்டுமென்றால் பெண்கள் அங்கே போகலாம். அவருடைய மனைவியோடு உள்ளே உட்கார்ந்துகொண்டு திரைக்கு இப்பாலிருந்து கேட்க வேண்டும். ஜைத்தூன் போனாள்.

"ஹஜ்ரத், குலான்னு ஒண்ணு இருக்கா?"

"இருக்கும்மா."

"நம்ம ஊருக்கும் உண்டா?"

அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம் கேட்டது. "எல்லா ஊருக்கும் உண்டும்மா."

"அப்ப ஏன் யாரும் சொல்லவே இல்ல?"

"யாரும் கேக்கலையேம்மா."

அவர் நல்ல மனுஷர். பூசி மெழுகாமல் விவரம் சொன்னார். புருஷன் கொடுத்த மஹரை அவள் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஜைத்தூன் சொன்னாள், அது என் கைக்கு வந்ததே இல்லை, முதல் நாளே மஹரை மன்னித்துவிட்டேன் என்று சொல்லச் சொன்னார்கள், சொல்லிவிட்டேன். அப்படியென்றால் திருப்பிக் கொடுக்க ஒன்றும் இல்லை என்றார் ஹஜ்ரத். ஆனால் ஒன்று. விடுவிக்கப் புருஷன் சம்மதிக்க வேண்டும்.

"அவரு எனக்குத் தலாக் சொல்லணும்னா என் சம்மதத்தக் கேக்கணுமா ஹஜ்ரத்?"

"கேக்க வேண்டியதில்ல."

"ஏன்?"

திரைக்கு அந்தப் பக்கம் பாய் சரசரத்தது. எழுந்து போய்விட்டாரோ என்று ஜைத்தூன் நினைத்தாள். பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். "ஓதுற காலத்துல இத நானும் எங்க உஸ்தாதுகிட்ட கேட்டிருக்கேன். வெளக்கம் சொன்னாரு. இப்பவும் ஞாபகம் இருக்கு. ஆனா ஒனக்கு அத எடுத்துச் சொல்ல வாய் வரலம்மா."

இதுவரை கேட்டதெல்லாம் வெறும் ஆவலில்தான். எட்டு வருஷம் ஓடிவிட்டது, இருக்கிறபடி இருந்துவிட்டுப் போகலாம் என்று அவள் இருந்திருக்கவும் கூடும். அப்படி இருக்கவிடாமல் செய்தவன் சிக்கந்தர்தான்.

நோன்புப் பெருநாள் கழிந்த வாரம் மதாரம்மாள் குப்பி முகமெல்லாம் பல்லாக வந்தாள். சிக்கந்தரின் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் கிடக்கிறார். பெரியகுளத்துக்காரி மாமியாருக்குப் பீ மூத்திரம் அள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதனால் சிக்கந்தருக்கு மூத்த பெண்டாட்டியின் ஞாபகம் வந்திருக்கிறது. "கண்ணியமாக் கூப்பிடுறான். வர்ற வாரம் வாடகைக் காரு வச்சுக்கிட்டு வாரானாம்" என்றாள் குப்பி. காரைச் சொல்லும்போது அவள் குரல் தனியாகக் குழைந்தது.

ஜப்பாருக்குக் கண் கலங்கிவிட்டது. அவனையும் தப்பு சொல்ல முடியாது. தங்கை வாழாவெட்டியாக இருக்கிறாள் என்று ஷாப்பில் நாலு பேர் பேசும்போதெல்லாம் தலை குனிந்தவன். "அல்லா கண்ணத் தொறந்துட்டான்" என்றான்.

"நான் போகலண்ணே. எனக்குக் குலா வேணும்" என்றாள் ஜைத்தூன்.

வீட்டில் பெரிய ரகளையாகிவிட்டது. குப்பி மாரில் அடித்துக்கொண்டாள். ஜப்பார் நாலு நாள் தங்கையோடு பேசவில்லை. கடைசியில் ஹஜ்ரத் தலையிட்டு, ஜமாத்தில் இரண்டு பேரையும் வைத்துக் கேட்டுவிடலாம் என்று நாள் குறித்தார். போகும் முன் ஜப்பார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். "ஜமாத்து கேக்கும், நீ சொல்லு. ஆனா அவரு விட மாட்டேன்னு சொல்லிட்டா அன்னைக்கே கெளம்பி அவரு கூடப் போயிரணும்." ஜைத்தூன் தலையாட்டினாள். வேறு வழியில்லை. அந்த வீடு அண்ணன் வீடு.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மதரஸா கூடத்தில் கூட்டம். ஜமாத்துத் தலைவரான முத்தவல்லி, ஹஜ்ரத், மற்றப் பெரியவர்கள் நாலைந்து பேர். ஓர் ஓரமாக ஜப்பார். எதிரே வெள்ளைச் சட்டையும் அத்தர் வாசமுமாகச் சிக்கந்தர். பிள்ளைகள் ஓதும் பக்கத்து அறையில், திரைக்கு உள்ளே, ஜைத்தூனும் துணைக்கு ஹபீபாவும். பெஞ்சு தாழ்வாக இருந்ததால் இருவரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முத்தவல்லி சலாம் சொல்லி ஆரம்பித்தார். சிக்கந்தர் எவ்வளவு பெருந்தன்மையாக அழைக்கிறான் என்பதையெல்லாம் விவரித்துவிட்டுத் திரையைப் பார்த்துக் கேட்டார். "ஏம்மா ஜைத்தூன் பீவி, ஒன் வாயால சொல்லு. இவரு கூட வாழப் போறியா, மாட்டியா?"

மீனையும் பிறையையும் ஹஜ்ரத்தையும் கேள்வி கேட்டவள், இப்போது அவளையே கேட்டதும் ஊமையாகிவிட்டாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அத்தனை ஆண்கள் அந்தப் பக்கம் காத்திருக்கிறார்கள். அமைதி நீண்டுகொண்டே போனது. பெண்ணின் அமைதிக்கு இந்த ஊரில் என்ன அர்த்தம் என்று ஹபீபாவுக்கும் தெரியும். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"வாழப் பிரியமில்ல" என்று தன் கனத்த தொண்டையில் போட்டு உடைத்தாள்.

சிக்கந்தர் ஆடிப்போய்விட்டான். முழங்காலால் நகர்ந்து திரைக்குக் கிட்டே வந்தான். "ஏன் ஜைத்தூன், நீயா இப்பிடிச் சொல்ற?" என்றான். "நான் செஞ்சது தப்புத்தான். ஆனா ஒன் கொரலக் கேட்டதும் எனக்கு எல்லாம் மறந்து போச்சு. அன்னைக்கி கேட்ட மாதிரியே இருக்கு."

அது நான் இல்லை என்று சொல்ல ஜைத்தூன் வாயெடுத்தாள். சொல்லவில்லை. அந்த இடத்தில் அவளுடைய பழைய குணம் தலைதூக்கியது. இந்த மனுஷனுக்குத் தானாகத் தெரிகிறதா, இல்லையா? இன்னும் இரண்டு வார்த்தை கேட்டால் கண்டுபிடித்துவிடுவானோ? நாலு வருஷம் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தவன். ஹபீபாவின் கையைப் பிடித்து, பேசு என்று சாடை செய்தாள்.

ஹபீபாவுக்குச் சொல்லவா வேண்டும்? "எம்மேல அம்புட்டுப் பிரியம் இருந்தா எட்டு வருசம் எங்க போனீங்க?" என்றாள்.

"போகலையே. மண்டியில இருந்தாலும் நெனப்பெல்லாம் ஒங்கிட்டத்தான். நீ மெதுவாப் பேசுனாலும் அது எங் காதுக்குள்ள வந்துரும். இந்தக் கொரலு இல்லாம வீடு வெறிச்சுன்னு இருக்கு. ராசாத்தி மாதிரி வச்சுக்கிறேன், வா தங்கம்."

ஜைத்தூன் பேசினால் பக்கத்தில் இருப்பவர்தான் கேட்க முடியும். கீச்சென்ற மெல்லிய குரல். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கூடத்தில் ஹஜ்ரத் நெற்றியைச் சுருக்கினார். ஜைத்தூனின் முகத்தை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை, ஆனால் அவளுடைய கேள்விகளைக் கேட்டவர். குரல் மாறியிருப்பது அவருக்குப் புரிந்துவிட்டது. ஏதோ சொல்ல நிமிர்ந்தார்.

அதற்குள் ஜப்பார் எழுந்துவிட்டான். ஆரம்பத்திலிருந்தே அவன் நெளிந்துகொண்டுதான் இருந்தான். தங்கமும் ராசாத்தியும் வந்த பிறகு அவன் முகம் கன்றிப்போயிருந்தது. சொன்னால் கேலியாகும், சொல்லாவிட்டால் அந்த ஆள் நிறுத்த மாட்டான்.

"ஏய், நிறுத்துய்யா" என்றான். "அது எம் பொண்டாட்டி."

ஒரு பெரியவர் இருமுவதுபோல வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். சிக்கந்தர் திரையைப் பார்த்தான், ஜப்பாரைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். ஜப்பார் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டான். தங்கச்சியை எட்டு வருஷம் ஒருவன் அந்தரத்தில் தொங்கவிட்டபோது ஊருக்கு முன்னால் தலை குனிந்ததோடு சரி. தன் பெண்டாட்டியை ஒருவன் நாலு வார்த்தை கொஞ்சியதும் அவனுக்கு உலகத்து ரோஷமெல்லாம் வந்துவிட்டது. ஆண்பிள்ளையின் ரோஷம் எந்தக் கதவு வழியாக வருகிறது பாருங்கள். எப்படியோ, வந்தவரைக்கும் நல்லது.

"நாலு வருசம் வச்சிருந்தவன், யாரு பேசுறான்னுகூடத் தெரியாத ஒனக்கு எந் தங்கச்சி எதுக்குய்யா?" என்றான் ஜப்பார். "ஒங்கம்மாவுக்குப் பீ அள்ளவா? ஹஜ்ரத், இவரு விடாம இந்த எடத்த விட்டுப் போக நான் விட மாட்டேன்."

முத்தவல்லி கையமர்த்தினார். ஹஜ்ரத் சிக்கந்தரிடம் சத்தம் போடாமல் கேட்டார். "ஒங்க மனைவி கொரலு ஒங்களுக்கு நெசமாவே தெரியலையா?"

சிக்கந்தர் குனிந்து பாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அவ அங்க பேசுனதே இல்லையே" என்றான். அவனைப் பொறுத்தவரை அது நியாயமான பதில்தான். பொய்யும் இல்லை.

"ஜைத்தூன் பீவி, இருக்கியாம்மா?" என்று ஹஜ்ரத் திரையைக் கேட்டார்.

இப்போது அவளுக்கு நாக்கு ஒட்டவில்லை. "இருக்கேன் ஹஜ்ரத்" என்றாள். அந்தக் கீச்சுக் குரலைப் பிடிக்கக் கூடத்தில் எல்லோரும் காதைக் கூர்மையாக்க வேண்டியிருந்தது. "நான்தான் ஜைத்தூன் பேசுறேன். அவரு மேல எனக்குப் பழி சொல்ல ஒண்ணுமில்ல. அவரு கூட இருக்க எனக்கு முடியாது. என்னைய விட்டுறச் சொல்லுங்க."

சிக்கந்தர் தலை தூக்கித் திரையைப் பார்த்தான். புதிதாக ஒருவரை அறிமுகப்படுத்தினால் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தான். அத்தனை பேர் முன்னால் அவமானப்பட்டவனுக்கு அங்கே உட்கார இருப்புக் கொள்ளவில்லை. ஹஜ்ரத் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளை அப்படியே திருப்பிச் சொன்னான். விடுவித்தேன் என்றான். பெரியவர்கள் சாட்சியாகக் கேட்டுக்கொண்டார்கள். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்ற வாடகைக் காரில் தனியாக ஏறிப் போனான்.

ஜப்பார் ஒரு குதிரை வண்டி பிடித்துப் பெண்கள் இருவரையும் ஏற்றிவிட்டுத் தான் பின்னால் நடந்து வந்தான். வண்டிக்குள் ஹபீபாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கொஞ்சம் விட்டா என்னைய வத்தலக்குண்டுக்கே கூட்டிட்டுப் போயிருப்பாரு. ஒங்கண்ணன் மூஞ்சியப் பாக்கணுமே" என்றாள். திரும்பிப் பார்த்தாள். ஜைத்தூன் அழுதுகொண்டிருந்தாள்.

"ஏட்டி, கேட்டது கெடச்சிருச்சுல்ல? இப்ப எதுக்கு அழுவுற?"

"கண்டுபிடிச்சிருவாருன்னு நெனச்சேன் மதினி."

ஹபீபாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "கண்டுபிடிச்சிருந்தா போயிருப்பியா?"

ஜைத்தூன் தன்னிடமே ஒரு முறை கேட்டுப் பார்த்துக்கொண்டாள். வண்டி மேடு ஏறி இறங்கியது.

"போயிருக்க மாட்டேன்" என்றாள். "ஆனா அந்த நாலு வருசம் நான் அந்த வீட்டுல இருந்தேன்னு ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கும்ல."